கொழும்பில் வீட்டிலிருந்தபடியே குடியையும் போதையையும் நிறுத்துவது எப்படி: வெளிநோயாளர் சிகிச்சைக்கான முழுமையான வழிகாட்டி

கார்த்திகை முதலாம் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றோடு குடியை நிறுத்துகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். விபூதிப் புதனன்று நிறுத்துகிறவர்களும், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் நேர்த்தி வைத்துவிட்டு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நோக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பல வருடங்களாகத் தினமும் அரைப் போத்தலுக்கு மேல் சாராயம் குடித்தவர் ஒரே இரவில் நிறுத்தினால், இரண்டாம் நாள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிப் படுக்கையை விட்டு எழுந்து ஓடலாம். வீட்டார் அதைப் பேய் பிடித்தது என்றோ விரதத்தில் குறை நேர்ந்தது என்றோ எடுத்துக்கொண்டு நூல் கட்டுவதற்கு ஆள் தேடுகிறார்கள். அவருக்கு அப்போது தேவைப்படுவது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. கவனிக்காமல் விட்டால் அந்தக் குழப்பநிலை உயிரைக் கொண்டுபோகக் கூடியது.

மது மூளையை அடக்கும் பொருள். வருடக்கணக்கில் அடக்கப்பட்ட மூளை, அதற்கு ஈடுகொடுப்பதற்காகத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அடக்கும் பொருள் சட்டென்று இல்லாமல் போனால், கூட்டிவைத்த கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை. மனவுறுதி மிக்கவருக்கும் வரும். இறைபக்தி மிக்கவருக்கும் வரும். எனவே முதல் ஐந்து நாட்களை மருத்துவத்திடம் ஒப்படைத்துவிட்டு, மனவுறுதியை அதற்குப் பின்னால் வரும் மாதங்களுக்குச் சேமித்து வைக்கச் சொல்கிறேன்.

இந்த ஐந்து நாட்களுக்கு எல்லோரும் வார்ட்டில் படுக்க வேண்டியதில்லை. பகலில் கிளினிக்குக்குப் போய் வைத்தியரைக் கண்டு, இரவில் சொந்தப் படுக்கையில் தூங்கி, துணைக்கு ஒருவர் குளிசைகளை நேரத்துக்குக் கொடுக்க, பலர் பத்திரமாக மீண்டு வந்திருக்கிறார்கள். யாருக்கு இது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத் தொடங்கும் முன்னரே தீர்மானிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதற்படி: எது, எவ்வளவு, எப்போது

ஒரு வாரம் மறைக்காமல் எழுதுங்கள். ‘கொஞ்சம்தான்’ என்ற சொல் வைத்தியருக்கு உதவாது. மதுவை அளப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: 10 மில்லிலீற்றர் தூய மதுசாரம் ஓர் அலகு. போத்தலில் 33.5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், 750 மில்லிலீற்றர் முழுப்போத்தலில் ஏறத்தாழ 25 அலகுகள் இருக்கின்றன. 180 மில்லிலீற்றர் கால்போத்தலில் 6 அலகுகள். 8.8 சதவீதம் அச்சிட்ட 625 மில்லிலீற்றர் பியர் போத்தல் ஒன்றில் ஐந்தரை அலகுகள். ‘பியர்தானே’ என்று சொல்பவர் மாலையில் மூன்று போத்தல் குடித்தால் அது அரைப் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிடுகிறது.

பிரித்தானியாவில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட நெறிமுறை, நாளுக்கு 15 அலகுக்கு மேல் குடிப்பவர் மருந்துத் துணையோடு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. 30 அலகுக்கு மேல் என்றால் வைத்தியசாலையில் தங்கி நிறுத்துவதைப் பற்றி. நம் சாராயக் கணக்கில் 15 அலகு என்பது சுமார் 450 மில்லிலீற்றர். கசிப்பு குடிப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் அதன் வீரியம் வடிப்புக்கு வடிப்பு மாறும். கசிப்புக்குப் பின் கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். அது மெதனோல் நஞ்சாக இருக்கக் கூடும்.

அளவை விட முக்கியமான ஒரு தடயம் காலை நேரம். எழுந்தவுடன் கை நடுங்கி, ஒரு வாய் குடித்ததும் நடுக்கம் நிற்கிறதா? போயா நாளில் மதுக்கடை மூடியிருக்கும் என்று முதல் நாளே வாங்கி ஒளித்து வைக்கிறாரா? வாங்க மறந்த போயாவில் எரிச்சலும் வியர்வையுமாகத் திரிகிறாரா? ஆம் என்றால் உடல் மதுவைச் சார்ந்துவிட்டது. அளவு குறைவாகத் தெரிந்தாலும் வைத்தியரைப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது.

வேறு என்ன உள்ளே போகிறது என்பதையும் எழுதுங்கள். தூக்கத்துக்கு என்று பாமசியில் வாங்கும் அல்பிரசோலம், டயசிபாம், உடல்வலிக்கு என்று பழகிய டிரமடோல், நண்பர்கள் கொடுத்த பிரிகபலின், கஞ்சா, மாவா, ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன், ஹெரோயின் எல்லாவற்றையும். இதில் வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால், வைத்தியர் கொடுக்கும் நல்ல மருந்தே ஆபத்தாகிவிடும்.

இரண்டாம் படி: வீடா, வார்ட்டா

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் தொடங்காதீர்கள். வைத்தியரிடம் தங்கிச் சிகிச்சை பெறுவதைப் பற்றியே கேளுங்கள்.

- முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ, மாயத் தோற்றமோ, புத்தி தடுமாற்றமோ வந்திருக்கிறது. வலிப்பு நோய் ஏற்கெனவே உள்ளவரும் இதில் சேர்வார்.
- ஈரல் பழுதாகி மஞ்சள் நிறம், வயிற்று வீக்கம், இரத்த வாந்தி. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, இதய நோய்.
- கர்ப்பம். மதுவானாலும் ஹெரோயினானாலும் கர்ப்பிணி தானாக நிறுத்தக் கூடாது.
- தற்கொலை எண்ணம், அல்லது அண்மையில் அதற்கான முயற்சி.
- மதுவோடு தூக்க மாத்திரைகளையும் நாள்தோறும் எடுத்தல்.
- முதுமையும் உடல் மெலிவும். பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமை.
- இரவும் பகலும் கூட இருக்க, தானே குடிக்காத ஒரு பெரியவர் இல்லாமை.

கடைசிக் காரணத்தை ஆட்கள் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். புறக்கோட்டையில் கடையில் வேலை செய்துகொண்டு, மலையகத்திலிருந்து வந்த வேறு நால்வரோடு ஓர் அறையில் தங்கும் இளைஞனுக்கு உடல் தகுதி எல்லாம் இருக்கலாம். ஆனால் இரவு வலிப்பு வந்தால் பார்க்க ஆளில்லை. அறையிலேயே போத்தலும் இருக்கும். ஊரில் அம்மா வீட்டுக்குப் போய் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் தொடங்குவது அவனுக்கு நல்லது. முடியாவிட்டால் வார்ட்.

மூன்றாம் படி: கொழும்பில் எங்கே போவது

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தேசிய வைத்தியசாலைக்கும், களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு, ராகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலைகளுக்கும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. ஓ.பி.டி.யில் விடயத்தைச் சொன்னால் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவிலை பக்கம். வத்தளை, ஹெந்தளைக்காரருக்கு ராகமை. முதல் வாரத்தில் அடிக்கடி போய்வர வேண்டியிருப்பதால் பெயரை விடத் தூரத்தைப் பாருங்கள்.

அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்திலும் மது, போதைக்கான சிகிச்சை உண்டு. அந்த ஊர்ப் பெயரை நம்மவர்கள் ஏச்சாகவே பயன்படுத்திப் பழகிவிட்டதால், வீட்டார் அங்கே போகப் பின்வாங்குகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. நாட்டில் மிகுந்த அனுபவமுள்ள வைத்தியர்கள் இருக்கும் இடங்களில் ஒன்றை, அயலவர் பார்த்துவிடுவார்கள் என்பதற்காக ஒரு குடும்பம் இழக்கிறது. நேரில் போகத் தயக்கம் இருந்தால் அந்நிறுவனத்தின் உதவி இலக்கமான 1926ஐ முதலில் அழையுங்கள்.

போதைப்பொருளுக்கென்று தனியாக இயங்குவது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தலைமையகம் ராஜகிரியவில், உதவி இலக்கம் 1927. கொழும்புக்கு அண்மையில் தலங்கமவில் அதற்குச் சிகிச்சை நிலையம் உண்டு. சுமித்ரயோ அமைப்பு நடத்தும் மெல் மெதுர கொழும்பு 7இல் இருக்கிறது. தங்க வைக்காமல், இலவசமாக, இரகசியம் காத்து ஆலோசனை கொடுக்கிறார்கள். உடல் நடுக்கத்துக்கு மருந்து தேவைப்படும் நாட்களில் முதலில் வைத்தியசாலை, பிறகு இத்தகைய இடம் என்று ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போனால் பொலிஸில் பிடித்துக் கொடுப்பார்களோ என்ற பயம் ஹெரோயின், ஐஸ் எடுப்பவர்களிடம் கடுமையாக இருக்கிறது. போதைக்கு அடிமையானோர் சிகிச்சை பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை பெறுவதற்கு வழி வைத்திருக்கிறது. நீதிமன்ற ஆணையின் பேரில் கட்டாயமாக அனுப்பப்படுவது வேறு வழி. தானாகப் போகும் கதவு திறந்திருக்கும்போதே போய்விடுவது எவ்வளவோ மேல். தனியார் ‘மறுவாழ்வு முகாம்’ ஒன்றில் சேர்க்க நினைத்தால் உரிமம் உண்டா, வைத்தியர் தினமும் வருகிறாரா, குடும்பம் பார்க்கலாமா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவோம் என்கிற இடத்திலிருந்து உடனே வெளியேறுங்கள்.

நான்காம் படி: வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

வரிசை நீளம், நேரம் குறைவு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களமோ ஆங்கிலமோ எழுதத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து எழுதுவித்தால் மொழிச் சிக்கல் பாதி குறையும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ அழைக்கும்படி கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். தாள் இப்படி இருந்தால் போதும்:

“எங்கள் அப்பாவுக்கு வயது 52. பதினைந்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது நாளுக்கு முக்கால் போத்தல் சாராயம். காலையில் எழும்பியவுடன் கை நடுங்கும், குடித்தால் நிற்கும். கடைசியாகக் குடித்தது நேற்று இரவு பத்து மணி. இதுவரை வலிப்பு வந்ததில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறார். தூக்க மாத்திரை இல்லை. வீட்டில் அம்மாவும் நானும் கூட இருப்போம்.”

கடைசியாகக் குடித்த நேரம் இதில் மிகப் பெரிய தகவல். மது விலகலின், அதாவது மதுவை நிறுத்தியதும் உடல் காட்டும் எதிர்வினையின், அறிகுறிகள் கடைசிக் குடிக்குப் பின் 6 மணித்தியாலத்திலிருந்து தொடங்கும்; வலிப்பு பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் வரும்; புத்தி தடுமாற்றம் 48இலிருந்து 96 மணித்தியாலத்துக்குள். வைத்தியர் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் திட்டமிடுகிறார்.

நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், மாயத் தோற்றம், நினைவுத் தெளிவு உட்பட 10 அம்சங்களுக்குப் புள்ளி போடும் அளவுகோல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது, உச்சம் 67. பத்துக்குக் கீழே இலேசான நிலை. பதினைந்தைத் தாண்டினால் வீட்டு ஏற்பாட்டைக் கைவிடச் சொல்லக் கூடும். ஈரல் பரிசோதனை, இரத்த எண்ணிக்கை, சீனி, உப்புக்கள், தேவையானால் இதய வரைபடம் ஆகியவற்றையும் கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர் மருத்துவச் சான்றிதழையும் இப்போதே கேட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: வீட்டைத் தயார் செய்தல்

தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வார இறுதியில் தொடங்கினால் ஆபத்து மிகுந்த நாட்களில் கிளினிக் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை சிறந்தது. உறவினர் திருமணமோ, இறுதிக் கிரியையோ, தேர்த்திருவிழாவோ உள்ள வாரம் வேண்டாம். அந்த நாள் வரும்வரை, வைத்தியர் சொன்ன அளவில் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கலாம். இதைக் கேட்டு மனைவிமார் திகைக்கிறார்கள். ஆனால் மருந்து கைக்கு வராமல் அவசரப்பட்டு நிறுத்துவதை விட இது பாதுகாப்பு.

துணை யார் என்பதில் மிகக் கவனம் வேண்டும். மனைவிதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் ஏச்சும் அடியும் வாங்கியவள், அவர் எரிந்து விழும் அந்த ஐந்து நாளும் தனியே அறையில் நின்று குளிசை கொடுக்க வேண்டுமா? அவளுக்குப் பயம் இருந்தால் தம்பி, மச்சான், மூத்த மகன், கோவில் நண்பர் என்று வேறொருவரை வையுங்கள். இருவர் மாறி மாறி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் வன்முறை இருந்திருந்தால் அதை வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். வீட்டுச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல அது போதுமான காரணம்.

வீட்டிலுள்ள மதுவை எல்லாம் அகற்றுங்கள். இருமல் பாணியையும் ஆயுர்வேத அரிட்டத்தையும் மறக்காதீர்கள்; அரிட்டங்களில் நொதித்தலால் உண்டாகும் மதுசாரம் இருக்கிறது. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பைக்கற்றுகள், வெப்பமானி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கிடைத்தால் அது, ஒரு கொப்பி, பேனை ஆகியவற்றை வாங்கி வையுங்கள். முச்சக்கர வண்டி ஓட்டுபவர் என்றால் சாவியைத் துணை வைத்திருக்கட்டும், ஏனென்றால் குளிசை எடுக்கும் நாட்களில் வண்டி ஓட்டுவது முற்றாகக் கூடாது. ஒரு வார வருமானம் இல்லாமல் போகும் என்பதையும் முன்கூட்டிக் கணக்கிடுங்கள். பணமில்லை என்று மூன்றாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஸ்டாண்டில் நண்பரோடு போத்தலில் முடிந்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: அந்த ஐந்து நாட்கள்

வைத்தியர்கள் பொதுவாகக் கொடுப்பது குளோர்டயசெபொக்சைட் அல்லது டயசிபாம். ஈரல் பழுதடைந்தவருக்கு லோரசெபாம். மது அடக்கிவைத்த அதே இடத்தை இவை தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கின்றன. முதல் நாள் அதிகமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்திலிருந்து ஏழு நாளில் நிறுத்துவார்கள். அளவை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவரின் மூச்சை நிறுத்தும். பக்கத்து வீட்டுக்காரர் குடித்து மிஞ்சிய குளிசையையும் வாங்காதீர்கள்.

இவற்றோடு தயமின் என்ற பி1 விற்றமின் கட்டாயம். குடிப்பவரின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். போதாவிட்டால் மூளை நிரந்தரமாகப் பழுதாகும். நடை தள்ளாடுதல், கண் ஒழுங்காக அசையாமை, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இடறுகிறது. களைப்பாக இருக்கிறார் என்று பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய் ‘சேலைன்’ ஏற்றுகிறோம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் கொஞ்சத்தையும் அது செலவழித்துவிடும். எங்கே போனாலும் “இவர் குடியை நிறுத்திக்கொண்டிருக்கிறார், முதலில் தயமின் கொடுங்கள்” என்று சொல்லுங்கள்.

குளிசைகள் துணையின் கையில், பூட்டிய அலுமாரியில். ஒவ்வொரு வேளைக்கும் முன் அவரைப் பேச வையுங்கள். நாக்குத் தடுமாறி, தட்டி எழுப்பினாலும் விழிக்காமல் இருந்தால் அந்த வேளைக் குளிசையைக் கொடுக்காமல் வைத்தியரை அழையுங்கள். குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே. மதுவும் இந்தக் குளிசையும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

முதல் நாள் மாலை நடுக்கமும் வியர்வையும் கூடும், சாப்பாடு இறங்காது. இரண்டாம், மூன்றாம் நாட்கள் மலையின் உச்சி. இந்த மூன்று நாளும் வைத்தியரோ தாதியோ அவரை நேரில் பார்க்க வேண்டும், தொலைபேசி போதாது. இலைக்கஞ்சி, பருப்பும் சோறும், இடியப்பமும் சொதியும், அவித்த முட்டை என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையோடு நிறைய நீர் போய்விடும். செவ்விளநீர், ஜீவனி, கஞ்சித் தண்ணீர் நல்லவை. சிறுநீரகம், இதயம் பாதித்தவர் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். மாலைக்குப் பின் தேநீர், கோப்பி வேண்டாம். இரவில் சிறு விளக்கு எரியட்டும். இருட்டில் நிழலைப் பார்த்துப் பயப்படுவார். தொலைக்காட்சி இரைச்சலும் விருந்தினர் வருகையும் குறையட்டும். இந்த நாட்களில் பழைய கணக்கு எதையும் எடுக்காதீர்கள். விற்ற நகையையும் அடகு வைத்த வண்டியையும் பற்றிப் பேச நேரம் வரும்.

காய்ச்சலுக்குத் தனியாக ஒரு சொல். விலகலில் உடல் சிறிது சூடாகலாம். ஆனால் கொழும்பில் டெங்கு வருடம் முழுவதும் இருக்கிறது. கடுங்காய்ச்சல் வந்தால் ‘குடியை விட்டதால்தான்’ என்று ஊகிக்காமல் இரத்தம் சோதியுங்கள். டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற வலிநிவாரணிகள் வேண்டாம். பரசிட்டமோல்கூட, ஈரல் தளர்ந்தவருக்கு எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்லட்டும்.

உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டிய நிலைகள்: வலிப்பு, இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும், இடமும் நாளும் ஆட்களும் தெரியாமல் பேசுதல், நிற்காத வாந்தி, இரத்த வாந்தி, கருமலம், மார்பு வலி, எழுப்ப முடியாத மயக்கம், சாக வேண்டும் என்ற பேச்சு. இந்தச் சேவை இலவசம். வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், நேரம் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ திணிப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் காயத்தைத்தான் தரும்.

நான்காம், ஐந்தாம் நாட்களில் பசி திரும்பும், நடுக்கம் அடங்கும். தூக்கம் மட்டும் சில வாரங்களுக்குக் கோளாறாகவே இருக்கலாம். அதற்காகக் குளிசையை நீட்டிக்கும்படி அவர் கெஞ்சுவார். இணங்கினால் ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடும்.

ஹெரோயினும் மற்றவையும்

ஹெரோயினை விடும்போது கடைசி வேளைக்குப் பின் 6 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு தொடங்கும். பிறகு எலும்புவலி, வயிற்றோட்டம், வாந்தி, தூக்கமின்மை. இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சம். ஒரு வாரத்துக்குள் பெருமளவு தணியும். ஆரோக்கியமான உடலில் இது மதுவைப் போல் உயிரை எடுப்பது அரிது, ஆனால் வேதனை அதிகம். கதவைப் பூட்டி உள்ளே போட்டு ‘கிடந்து அனுபவிக்கட்டும்’ என்று விடுகிற குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வயிற்றோட்டத்தால் உடல் நீர் வற்றி ஆபத்தாகலாம்; வலிக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் வாந்திக்கும் மருந்துகள் இருக்கின்றன. விலகலின் வேதனையைத் தணிக்க வைத்தியர் குளோனிடின் என்ற மருந்தைக் கொடுத்தால் அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அழுத்தம் பார்க்காமல் அடுத்த வேளையைக் கொடுக்காதீர்கள், படுக்கையிலிருந்து மெதுவாக எழச் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரு வாரத்தில் விட முடியாது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் மதுவைப் போலவே வலிப்பு வரும். டிரமடோலும் பிரிகபலினும் வைத்தியரின் திட்டப்படியே குறைய வேண்டும்.

ஐஸை விடுபவருக்கு மாற்று மருந்து என்று ஒன்றும் இல்லை. இரண்டு, மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருப்பார், எழுந்தால் பசி, பிறகு மனம் இருண்டுபோகும். இந்த இருட்டில்தான் தற்கொலை எண்ணம் வருகிறது. ‘தூங்குகிறான், நல்லது’ என்று தனியே விடாதீர்கள். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும் குரல் கேட்பதும் தொடர்ந்தால் உளமருத்துவரிடம் கொண்டுபோங்கள். கஞ்சாவை விடுபவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும்.

ஏழாம் படி: ஆறாம் நாளிலிருந்து

குடும்பங்கள் மிகுதியாகக் கைவிடுவது இந்த இடத்தில். முகம் தெளிந்துவிட்டது, சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், இனி கிளினிக் எதற்கு என்று நினைக்கிறார்கள். இதுவரை செய்தது உடலை அமைதிப்படுத்தியது மட்டுமே. குடிக்கும் ஆசையை அந்த ஐந்து நாள் தொடவே இல்லை. முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறையாவது ஆலோசகரையோ வைத்தியரையோ பார்க்க வேண்டும்.

ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு; பொருந்துமா என்று கேளுங்கள். ஹெரோயின் விட்டவர் குறைந்தது ஒரு வாரமாவது முற்றாக விலகியிருந்த பின்னரே நல்ட்ரெக்சோன் எடுக்கலாம். முந்தினால் கடும் விலகல் திடீரெனத் தாக்கும். டைசல்பிராம் வேறு வகை: அதை எடுத்துவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரும். இதைச் சோற்றிலோ தேநீரிலோ அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும்படி ஆலோசனை சொல்பவர்கள் நம் அயலில் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமமான ஆபத்து. தெரியாமல் குடித்தவரின் இதயம் நின்றுபோகலாம். அவர் அறிந்து, ஒப்புக்கொண்டு, ஈரல் பரிசோதனை முடிந்த பின்னரே அந்தக் குளிசை.

மாலை நேரத்தை நிரப்புங்கள். வேலை முடிந்து ஆறு மணிக்கு வழமையாக நிற்கும் சந்தியைத் தவிர்த்து வேறு வழியால் வீட்டுக்கு வரட்டும். சம்பள நாளில் பணம் கைக்கு வராமல் மனைவியின் கணக்குக்குப் போகட்டும், அவர் விரும்பினால் மட்டும். காலிமுகத் திடலில் நடை, கோவில் பூசை, பிள்ளையின் ரியூஷனுக்குக் கூட்டிப்போதல், எதுவானாலும் அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒன்று வேண்டும். மாலை போடவும் நேர்த்தி வைக்கவும் விரும்புபவர் இப்போது வைக்கட்டும். உடல் தயாராகிவிட்டது, விரதம் அவரைத் தாங்கும்.

சறுக்கினால் என்ன செய்வது என்று முன்கூட்டிப் பேசி வையுங்கள். ஒரு நாள் குடித்துவிட்டால் அன்றே வைத்தியரை அழையுங்கள், மறுநாள் போங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் வெட்கத்தில் திடீரென நிறுத்த விடாதீர்கள். முதற்படியிலிருந்து மீண்டும் மருந்துத் துணையோடுதான். அடுத்தடுத்த முறைகளில் விலகல் இன்னும் கடுமையாகக் கூடும். எனவே முதன்முறை வீட்டில் முடிந்ததென்று இரண்டாம் முறையும் வீடே போதும் என்று கொள்ளாதீர்கள். ஹெரோயின் விட்டவருக்கு ஆபத்து வேறு: சில வாரம் விலகியிருந்த உடல், பழைய அளவைத் தாங்காது. முன்பு சாதாரணமாக எடுத்த அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் திரும்பிய முதல் நாட்களில் இது அதிகம். உதடு நீலமாகி, குறட்டை போல மூச்சு இழுத்து, எழுப்பியும் விழிக்காமல் இருந்தால், பொலிஸுக்குப் பயந்து காத்திருக்காமல் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து 1990ஐ அழைத்து, என்ன எடுத்தார் என்பதை வந்தவர்களிடம் உள்ளபடி சொல்லுங்கள்.